கண்ணீர் அளவு உப்பு

பொட்டக்காலனியில் தை மாதத்தில் எந்தப் பிள்ளைக்கும் வயிற்றால் போகாது. நம்பாதவர்கள் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மார்கழி பாதியில் எண்ணிக்கை ஏறத் தொடங்கி, தையில் உச்சிக்குப் போய், மாசி கடைசியில் இறங்கும். பொட்டக்காலனிக்கு நேராக மட்டும் மூன்று மாதமும் 'இல்லை' என்று எழுதியிருக்கும். முத்தையாபுரம் தாண்டி, அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகளைப் பார்த்தபடி, உப்பளங்களின் விளிம்பில் நிற்கிற நூற்றுப் பத்து வீடுகள் அது. பாதி வீட்டில் கக்கூஸ் கிடையாது. லாரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை. அந்த இடத்தில் அப்படி ஒரு ஆரோக்கியம்.

கிராம செவிலியர் ஜெனிலா மணப்பாட்டுக்காரி. மூன்று வருஷமாக அந்த 'இல்லை'களை எழுதி எழுதி அவளுக்கே வெறுத்துப்போயிருந்தது. "ரோட்டான்னு ஒரு வைரஸ். மழை விட்டு, குளுந்த காத்து காஞ்சு அடிக்கிற மாசத்துலதான் கூட்டமா வரும். தண்ணியக் கொதிக்க வச்சாலும் வரும். கையில, சேலைத் தலைப்புல, கிலுகிலுப்பையில ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒங்க ஊருக்கு மட்டும் அது வழி தெரியாமப் போச்சா?" என்று அங்கன்வாடியில் வைத்துக் கேட்பாள். தாய்மார் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கினால் பேர் எழுத வேண்டும் என்பதால் ஒருத்தியும் வாங்குவதில்லை. கடைசியில் ஜெனிலா இறங்கி வந்து, வீட்டிலேயே கலக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு ஸ்பூன் சீனி, அரை ஸ்பூன் உப்பு. "கலக்கிட்டு நாக்குல விட்டுப் பாருங்க. நம்ம கண்ணீர் எவ்வளவு உப்போ அவ்வளவுதான் இருக்கணும்." இந்தக் கடைசி வரிதான் எல்லார் மனதிலும் நின்றது. நல்ல வரிகளுக்கு அந்தக் குணம் உண்டு. முன்னால் சொன்ன அளவையெல்லாம் மறக்கடித்துவிடும்.

அவர்கள் எதற்காக மறைத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மழைக்காலம் முழுக்க அளம் தண்ணீருக்குள் கிடக்கும், வேலை கிடையாது. பொங்கல் கழிந்து வாடைக்காற்று காய்ந்து அடிக்க ஆரம்பித்ததும் தண்ணீரை இறைத்துவிட்டு, பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் உப்பில் மண் சேராது. அந்த வேலையின் முதல் நாளுக்கு முதல்மிதி என்று பேர். கிழக்கு மூலையில் சூடம் கொளுத்தி, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி வரிசையாக இறங்குவார்கள். அன்றைக்கு வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் புரட்டாசி வரைக்கும் அந்த அளத்தில் வேலை. நிற்பதற்கு ஒரு விதி உண்டு. வீட்டில் வாந்தி பேதி இருக்கக் கூடாது. இருக்கிற வீட்டுக்காரி கால் வைத்தால் அந்த வருஷம் உப்பு கறுத்துப்போகும். யார் எப்போது சொன்னதோ தெரியாது, கங்காணி தங்கதுரை அண்ணாச்சி அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். முதல்மிதிக்கு முந்தின வாரம் முழுக்க அவர் காலனித் தெருக்களில் நடப்பார். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார், கொடிகளை மட்டும் பார்ப்பார். பிள்ளைத் துணி எந்தக் கொடியில் கணக்குக்கு மேல் தொங்குகிறதோ அந்த வீட்டுக்காரிக்கு வரிசையில் இடமில்லை.

ஆகவே தை மாதத்தில் பொட்டக்காலனியில் பிள்ளைத் துணிகள் வீட்டுக்குள்ளேதான் காயும்.

இசக்கிசெல்விக்கு இருபத்தாறு வயது, எட்டு வருஷமாக உப்பு வாருகிறவள். புருஷன் விஜயராஜ் உப்பு லாரியில் கிளீனர், அந்த வாரம் கேரளாவில் இருந்தான். பிள்ளை ஐஸ்வர்யாவுக்கு ஒன்பது மாதம். செவ்வாய்க்கிழமை காலையில் குடித்த பாலைப் பிள்ளை கக்கியது. மத்தியானத்துக்குள் ஆறு தடவை போய்விட்டது. பச்சைத் தண்ணீராய்ப் போனது. இசக்கிசெல்வி கதவைச் சாத்திவிட்டு, அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணியைக் காயப்போட்டாள். வீடெல்லாம் புளித்த வாடை.

பக்கத்து வீட்டுப் பேச்சி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன்.

"ஏளா செல்வி, என்ன இன்னைக்குக் கதவு சாத்தியே கெடக்கு?"

"தூசியா இருக்குக்கா. பிள்ளைக்குத் தும்மல்."

"ம். எம்பிள்ளைக்குந்தான் தும்மல்." பேச்சி குரலைத் தாழ்த்தினாள். "நேத்துலருந்து எட்டுத் தும்மல்."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கிற காரியமில்லைதான். ஆனாலும் பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள அந்தத் தெருவில் வேறு வழி இருக்கவில்லை.

"தண்ணி கலக்கிக் குடுத்தியாக்கா?"

"அளவு மறந்துபோச்சு. சீனி ஆறா எட்டா?"

"எனக்கும் சரியா ஞாபகம் இல்ல. நாக்குல விட்டுப் பாரு. கண்ணீர் அளவுக்கு இருக்கணும்னு சொன்னாவல்லா. போதாத மாதிரி இருந்தா இன்னும் கொஞ்சம் போடு."

இதைச் சொன்னது தான்தான் என்பது பிறகு இசக்கிசெல்வியை வெகுநாள் அரித்தது.

அவளும் அப்படித்தான் கலக்கினாள். ஒரு லிட்டர் பாட்டிலில் ஆறவைத்த வெந்நீர், கை அளவாய்ச் சீனி, அளத்திலிருந்து கொண்டுவந்த கல்லுப்பில் ஒரு சிட்டிகை. குலுக்கி அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தாள். சப்பென்று இருந்தது. இன்னொரு சிட்டிகை போட்டாள். சீனி மட்டும் தெரிந்தது. கண்ணீர் இப்படியா இருக்கும், கண்ணீருக்கு ஒரு கரிப்பு வேண்டாமா? விரல் நிறைய அள்ளிப் போட்டாள். மூன்றாவது தடவை மெல்லிசாக ஒரு உப்பு நாக்கின் ஓரத்தில் தட்டியது. இதுதான் என்று மூடியைத் திருகினாள்.

உப்பு வாருகிறவர்கள் வீட்டுச் சமையலை வெளியூர்க்காரர் யாரும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற விஜயராஜின் அக்கா வந்தாலே வம்புதான். "ஒன் வீட்டுச் சாளைக் கொழம்பக் குடிச்சா ரெண்டு நாளைக்கு நான் தாமிரவருணியையே குடிக்கணும்ளா" என்பாள். இசக்கிசெல்விக்குக் கோபம் வரும். ஆத்தூர்க்காரர்களுக்கு வெற்றிலை போட்டு நாக்கு தடித்துவிட்டது என்று அவள் உறுதியாக நம்பினாள். காலையிலிருந்து மாலைவரை உதட்டில் உப்புக் காற்றும், வாயில் உப்பு வேர்வையும், பாத்தித் தண்ணீர் முற்றிவிட்டதா என்று விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பதுமாக எட்டு வருஷம் போயிருந்தது. யாருடைய நாக்கு செத்திருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

பிள்ளை அந்தத் தண்ணீரை ஆவலாய்க் குடித்தது. குடித்துவிட்டு இன்னும் கேட்டு அழுதது. தாகம் எடுக்கிறதே, மருந்து வேலை செய்கிறது என்று இசக்கிசெல்வி சந்தோஷப்பட்டுக்கொண்டு மேலும் மேலும் ஊட்டினாள். பாட்டில் தீர்ந்ததும் புதனன்று விடிந்தவுடன் இன்னொன்று கலக்கினாள். அதற்குள் பிள்ளையின் அழுகை மாறியிருந்தது. கீச்சென்று, ஒரே சுருதியில், நிறுத்தாமல் அழுதது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. துணி நனைந்து எவ்வளவு நேரமாகிறது என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று நினைத்தாள். வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் தங்கதுரை அண்ணாச்சி வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கொடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நாளைக்கு முதல்மிதி. எட்டு மாதச் சோறு அந்த வரிசையில் இருந்தது. மத்தியானம் வரைக்கும் பார்ப்போம் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மூன்று மணி நேரத்துக்காக அவள் தன்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் போவதில்லை.

ஜெனிலாவின் ஸ்கூட்டர் பதினோரு மணிக்கு வந்தது. "செல்வி, பிள்ளைக்கு அம்மை ஊசி போடணும், கதவத் தொற" என்றாள்.

"பிள்ள தூங்குது சிஸ்டர். நாளக்கழிச்சு வாங்க."

உள்ளே கீச்சென்ற அழுகை கேட்டது. பெற்றவளுக்குக் கேட்பது வேறு, நர்சுக்குக் கேட்பது வேறு. ஜெனிலா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்புக்கு மேலே தொங்கிய துணிகளைப் பார்த்தாள். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டாள். உச்சிக்குழியில் விரல் வைத்தாள்.

"சேசுவே. எத்தன நாளா?"

"எழுதாதீய சிஸ்டர். ஒங்களக் கும்பிடுதேன், பேர எழுதாதீய."

"எழுதுறது கெடக்கட்டும். என்ன குடுத்த?"

"நீங்க சொன்னதுதான்." இசக்கிசெல்வி பாட்டிலை எடுத்து நீட்டினாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. "பிள்ள ஆசையா வாங்கிக் குடிக்கா. இது ரெண்டாவது பாட்டில்."

ஜெனிலா ஒரு மடக்கு வாயில் விட்டாள். அடுத்த கணம் அதை அடுப்படிச் சாம்பலில் துப்பினாள். இருமினாள். கண் கலங்கிவிட்டது.

"இதென்ன, கடல மொண்டு வச்சிருக்கியா?"

"என்ன சொல்லுதிய நீங்க?" பாட்டிலை வெடுக்கென்று வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே அண்ணாந்து நாலு மடக்குக் குடித்தாள் இசக்கிசெல்வி. முகம் சுளிக்கவில்லை. "இதுல எங்க உப்பு இருக்கு? பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. எம்மேல பழி போடாதீய."

ஜெனிலா மெதுவாகக் கேட்டாள். "செல்வி, நெசமாவே ஒனக்கு உப்பு தெரியலையா?"

"கண்ணீர் அளவுதான் இருக்கு."

"நாக்குல விட்டுப் பாக்கச் சொன்னது நாந்தான்," என்றாள் ஜெனிலா. யாரிடமோ ஒப்புக்கொள்வதுபோல் சொன்னாள். "உப்பளத்துல நின்னுக்கிட்டு, ஒங்ககிட்டப் போயி." போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தாள்.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. இசக்கிசெல்வி பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு ஏறும்போது தங்கதுரை அண்ணாச்சி எதிர்வீட்டு வாசலில் நின்றார். சட்டைப்பையிலிருந்து பேப்பரை எடுத்து ஒரு பேரை அடித்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா இசக்கிசெல்வியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். "பேதி வந்தது ரோட்டா வைரஸால. அதுக்குச் சொட்டு மருந்து மூணு தடவை குடுத்திருக்கணும், உங்க குழந்தைக்கு ஒண்ணுதான் பதிவாயிருக்கு. உடம்புல உப்பு ஏறினது வேற. அதை மெதுவாத்தான் இறக்கணும். அவசரப்பட்டா வலிப்பு வந்துரும். இன்னும் ஒரு நாள் இதையே குடுத்திருந்தீங்கன்னா என்கிட்ட கொண்டுவந்திருக்கவே வேண்டாம்" என்றார்.

மற்ற இரண்டு சொட்டும் ஆடியிலும் ஆவணியிலும் வந்தவை. அப்போது உப்பு முற்றி விளைகிற நேரம், ஒரு நாள் லீவு கேட்டாலும் கங்காணி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். கேட்காமலே விட்டிருந்தாள். பிள்ளையின் நெற்றியில் நரம்பு தேடி ஊசி ஏற்றினார்கள். இசக்கிசெல்வி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள். வழிந்து உதட்டுக்கு வந்த கண்ணீரை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெறும் சூடுதான் தெரிந்தது.

அப்போதுதான் பேச்சியின் ஞாபகம் வந்தது. போன் போட்டாள்.

"எக்கா, அந்தத் தண்ணியக் குடுக்காத. உப்பு கூடிப்போச்சாம், நம்ம நாக்குக்குத் தெரியல."

"என் வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லம்மா," என்றாள் பேச்சி, உரத்த குரலில், யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி. இணைப்பு அறுந்தது. பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிள்ளை ஒன்றுக்குப் போனது. விஜயராஜின் அக்கா, ஆத்தூர் மைனி, துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நனைச்சுட்டாளா, எங்கண்ணு நனைச்சுட்டா" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். முந்தின மாலையே பஸ் ஏறி ஓடிவந்தவள் அவள். ஈரத் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு இசக்கிசெல்வி சிரித்தாள். உலகத்தில் யாரும் ஒரு மூத்திரத் துணியை அப்படிக் கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஜெனிலா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நேத்து சாயந்திரம் அறுபது கதவு தட்டினேன் செல்வி. அறுபது வீட்லயும் இல்லைன்னுட்டாங்க. உப்பு ஜாஸ்தி ஆயிரும், பாக்கெட்டத் தாறேன், பேரு வேண்டாம், சும்மா வாங்கிக்கோங்கன்னு சொன்னேன். ஒருத்தி, 'நாங்க ருசி பாத்துட்டுத்தான் குடுப்போம்'னு சொல்லிட்டா. அப்புறம் நாக்கக் கடிச்சுக்கிட்டுக் கதவ அடைச்சுட்டா."

"வாயால சொன்னா நம்ப மாட்டாளுவ," என்றாள் இசக்கிசெல்வி. "நானே நம்பலையே. நீங்க துப்பின பொறவுங்கூட நம்பல." அவள் எழுந்தாள். "அந்த பாட்டில் எங்க?"

டாக்டரிடம் காட்டுவதற்காக எடுத்துவந்த பாட்டில் ஜெனிலாவின் பையிலேயே இருந்தது. முக்கால்வாசி மிச்சம்.

"மைனி, பிள்ளயப் பாத்துக்கிடுங்க. ஒரு மணி நேரத்துல வந்துருதேன்."

"எங்களா போற, இந்த நெலமையில?"

"முதல்மிதிக்கு."

அளத்து வரப்பில் ஸ்கூட்டர் போய் நின்றபோது சூடம் எரிந்துகொண்டிருந்தது. பொங்கலுக்குப் பிந்தின காற்று, உதட்டை வெடிக்கவைக்கிற காற்று, வடக்கேயிருந்து அடித்தது. இறைத்துப்போட்ட பாத்தியில் கணுக்கால் அளவு கறுப்புச் சேறு. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய இருபத்து மூன்று பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து நின்றார்கள். நாலாவது ஆள் பேச்சி. கடைசியில் சுடலைமாடத்தி. தண்ணீர் லாரி டிரைவர் சொரிமுத்து வேடிக்கை பார்த்தபடி தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

தங்கதுரை அண்ணாச்சி கையை உயர்த்தினார். "ஏட்டி, அங்கனயே நில்லு. வரப்புல கால் வைக்காத."

இசக்கிசெல்வி வரப்பில் ஏறினாள்.

"ஒன் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தத ஊரே பாத்துச்சு. அளம் கறுத்துருச்சுன்னா யாரு பதில் சொல்ல? இத்தன பேரு பொழப்பு. பிள்ள நல்லா இருக்கட்டும், அடுத்த வருசம் பாப்போம்."

"அடுத்த வருசங் கெடக்கட்டும் அண்ணாச்சி. இத ஒரு மடக்குக் குடிங்க." பாட்டிலை நீட்டினாள்.

"என்ன இது?"

"சீனித் தண்ணி. உப்பு இருக்கான்னு சொல்லுங்க, அது போதும். சொல்லிட்டியன்னா நான் போயிருதேன்."

நாற்பது வருஷம் உப்போடு புழங்கியவர் அவர். இந்த அளத்தில் உப்பின் தரத்தைச் சொல்ல மிஷினே வேண்டாம், அண்ணாச்சி நாக்கு போதும் என்று முதலாளியே சொல்லுவார். பெண்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். உதட்டைச் சப்பினார்.

"உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. சர்பத்து மாதிரி இருக்கு. இப்பம் போ."

இசக்கிசெல்வி போகவில்லை. சேற்றுக்குள் இறங்கினாள். "எறங்காதட்டி" என்று அவர் சத்தம் போட்டார். அவள் வரிசைக்குப் போய் முதல் ஆளிடம் பாட்டிலைக் கொடுத்தாள். "குடிச்சிட்டு அடுத்த ஆள்ட்ட குடு." என்னவோ நேர்ச்சைத் தண்ணீர் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் குடித்தாள். "சப்புன்னு இருக்கு" என்றாள். இரண்டாமவள், "சீனி கூடிப்போச்சு" என்றாள். மூன்றாமவள், "உப்பே இல்லளா" என்றாள். பேச்சி குடித்தாள். அவசரமாய்ப் பாட்டிலை அடுத்தவளிடம் தள்ளினாள். பாட்டில் கை மாறி மாறி வரிசையின் நடுவரைக்கும் போயிற்று.

அங்கிருந்து அதை வாங்கி வரப்புக்குக் கொண்டுவந்து சொரிமுத்துவிடம் நீட்டினாள். "எண்ணே, நீங்க ஆத்தூர்ப் பக்கந்தான? ஒரு வாய் குடிங்க."

சொரிமுத்து இளித்துக்கொண்டே ஊற்றினான். ஊற்றின வேகத்தில் தேங்காய்ச் சில்லோடு சேர்த்து வரப்பில் துப்பினான். காறிக் காறித் துப்பினான். லாரிக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தான். "கொல்லப் பாக்கியாளா? உப்புச்சட்டிய முழுங்கின மாதிரி இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

இசக்கிசெல்வி பாட்டிலை அண்ணாச்சி கையில் திணித்துவிட்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "இதத்தான் எம்பிள்ளைக்கு ரெண்டு நாளா ஊட்டினேன். நாக்குல வச்சுப் பாத்துத்தான் ஊட்டினேன். பேதி கொல்லல, நான்தான் கொல்லப் பாத்தேன். நம்ம நாக்கு செத்துப்போச்சுக்கா. அளம் தின்னுருச்சு. அண்ணாச்சி நாக்கும் செத்துப்போச்சு, பாத்தியள்ல. யார் வீட்லயும் ஒண்ணும் இல்லைன்னா இங்கனயே நில்லுங்க, சந்தோசம். யார் வீட்ல பாட்டில் இருக்கோ அவ இப்பமே போயி அதக் கொட்டணும். சிஸ்டர் பெட்டியில பாக்கெட் இருக்கு."

வரிசையில் எல்லாரும் சேற்றைப் பார்த்தார்கள். பேச்சியின் கை முன்னால் நின்றவள் தோளிலிருந்து நழுவியது. அவள் யாரையும் பார்க்காமல் வரப்பில் ஏறினாள். முதலில் நடந்தாள். பத்தடி போனதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"ஏட்டி பேச்சி, இன்னைக்குப் போனா போனதுதான்," என்றார் அண்ணாச்சி.

அடுத்து இரண்டாவதாய் நின்றவள் போனாள். பிறகு எட்டாமவள், பிறகு இருவர் சேர்ந்து, பிறகு யார் யாரென்று சொல்ல முடியாதபடி. வரிசை பல் விழுந்த வாயாக ஆனது. ஜெனிலா ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஓடுகிறவர்கள் கையை நீட்ட, அவள் இரண்டு இரண்டு பாக்கெட்டாய்த் திணித்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று.

கடைசியில் நின்ற சுடலைமாடத்தியிடம் பாட்டில் போய்ச் சேரவில்லை. அவளாகவே வந்து, அண்ணாச்சி கையில் இசக்கிசெல்வி திணித்திருந்த பாட்டிலை வாங்கிக் குடித்தாள். போன வருஷத்துக்கு முந்தின தையில் அவளுடைய பையன் செத்துப்போனான், ஏழு மாதப் பிள்ளை. காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார்கள். அவள் வாயில் தண்ணீரை வைத்திருந்து, வைத்திருந்து, விழுங்கினாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியல செல்வி," என்றாள். "அன்னைக்கும் தெரியல. தாகத்துல வாங்கி வாங்கிக் குடிச்சான்."

அப்படிப்பட்ட இடத்தில் ஆறுதல் சொல்லுகிற ஆள் இசக்கிசெல்வி இல்லை. குனிந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிக்கா. தெக்குத் தெருவுல இன்னைக்கு அளத்துக்கு வராதவளுவ இருக்காளுவ. அவளுவளுக்கு யாரு சொல்லுவா? நான் சொன்னா கேக்க மாட்டாளுவ. நீ போயிச் சொன்னா கேப்பாளுவ."

சுடலைமாடத்தி சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்தாள். ஜெனிலாவிடம் போய் மடி நிறையப் பாக்கெட் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஓடிப்போய்க் காப்பாற்ற வீட்டில் யாருமில்லை. ஆனால் முன்னால் போன அத்தனை பேரையும்விட வேகமாகப் போனாள்.

பாத்தியில் பதினொரு பேர் மிச்சம். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை வளர்ந்துவிட்டவர்கள். அவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். சூடம் அணைந்துவிட்டது.

இசக்கிசெல்வி சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். கிழக்கு மூலையிலிருந்து மிதிக்க ஆரம்பித்தாள். இடதும் வலதும் மாற்றி மாற்றி, குதிகாலை அழுத்தி, எட்டு வருஷமாய் மிதித்த மாதிரியே மிதித்தாள். யார் தோளையும் பிடிக்கவில்லை. மேற்கு வரப்பு வரைக்கும் ஒரு முழு நீளம் மிதித்து முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

"முதல்மிதிக்கு வந்தாச்சு அண்ணாச்சி. பேப்பர்ல அடிச்ச பேர எழுதிக்கிடுங்க. இப்பம் ஓடுன பதினொண்ணு பேரு பேரும் இருக்கட்டும். சுடலைமாடத்தி அக்கா பேரும் இருக்கட்டும். பிள்ள தேறினதும் வாரோம்."

"அளம் கறுத்தா?"

"கறுக்கட்டும், பாப்போம். எங்க பதிமூணு பேரையும் விட்டுட்டு இந்தப் பன்னெண்டு ஏக்கரையும் யார வச்சு மிதிப்பிய?"

அவள் கால் கழுவாமல் ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். ஜெனிலா வண்டியைக் கிளப்புவதற்கு முன் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். பொட்டக்காலனி, ஜனவரி. 'இல்லை' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததை ஒரே கோடாய் அடித்துவிட்டு, முதல் பேராக ஐஸ்வர்யா, ஒன்பது மாதம், தாய் இசக்கிசெல்வி என்று எழுதினாள். இந்தத் தடவை இசக்கிசெல்வி, எழுதாதீய என்று சொல்லவில்லை. எழுத்து சரியாக இருக்கிறதா என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

வண்டி வரப்பு தாண்டிப் போகும்போது இசக்கிசெல்வி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பாத்திக்கு நடுவே அவள் காலடிகள் ஒற்றை வரிசையாய்க் கிடந்தன. வரப்பில் தங்கதுரை அண்ணாச்சி பாட்டிலோடு தனியாக நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அண்ணாந்து மறுபடி ஒரு மடக்கு ஊற்றி, அதை விழுங்காமல் வாய்க்குள் அங்கேயும் இங்கேயும் உருட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.